பெத்சாயிதாக்காரன்

உக்காருங்க தம்பி, உக்காருங்க. இந்தப் பக்கமா ஆள் வந்து நின்னதே எனக்குத் தெரியலை. இது எம் மகளுக்குப் போட்டு வச்சிருந்த இடம். அவ சீட்டுப் பதிய கவுண்டருக்குப் போயிருக்கா. அங்க வரிசை வாசல் வரைக்கும் நிக்கு, இப்ப வரமாட்டா. பைய நான் மடியில வச்சுக்கிடுதேன்.

என்ன சொல்லுதிய? அறுபத்தெட்டா? எனக்கு அறுபத்தாறு. அப்ப நீங்க அண்ணாச்சி. உங்களுக்குப் பின்னால சன்னல்லா, வெளிச்சம் எதிர்ல அடிக்கு, அதான் நரை தெரியலை. மத்தபடி கண்ணு எனக்கு நல்லாத் தெரியும். போன மாசம் வேற ஆஸ்பத்திரில வலது கண்ணுல புரை எடுத்தாவ. பளிச்சின்னு இருக்கு. இன்னைக்குச் சும்ம செக்கப். நான் வேண்டாம்னுதான் சொன்னேன். எம் மகதான் இந்த ஆஸ்பத்திரில ஒருக்கா காட்டணும்னு ஒத்தக் கால்ல நின்னு கூட்டிட்டு வந்திருக்கா.

ஆமா, அந்த வெள்ளைக் குச்சியோட போச்சே, அதுதான். கெத்சியாள். கண்ணு தெரியாத மக கண்ணு தெரிஞ்ச அப்பனைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருக்காளேன்னு பாக்கிய. பஸ்லயும் அப்படித்தான் பாத்தான். கண்டக்டர் என்னை விட்டுட்டு அவகிட்டப் போயி எங்க இறங்கணும்னு கேக்கான். நான் அதையெல்லாம் பெருசா எடுக்கதில்லை.

பிறவியில இல்லை அண்ணாச்சி. அஞ்சு வருசத்துக்கு முன்னால வரைக்கும் தையல் மெஷின் போட்டு ஊரு பூராவுக்கும் ஜாக்கெட் தச்ச பிள்ளை. அந்தப் பிள்ளை இப்படி ஆனதுக்குக் காரணம் யாருன்னு கேளுங்க. எங்க சபைக்கு வந்த ஐயர். ஜெபசிங் ஐயர். அந்த மனுசன் ஒரே ஒரு பிரசங்கம் பண்ணினாரு, எங்குடும்பம் ரெண்டாப் போச்சு. அண்ணாச்சி எந்தச் சபை?

ஓ. திருநீறு பூசியிருக்கியளா. நான் கவனிக்கலை. அப்ப விளக்கமாத்தான் சொல்லணும். எங்கள்ல போதகரை ஐயர்னு சொல்லுவோம், உங்க ஐயர் இல்லை. எனக்கு ஊரு எலியேசர்புரம், திசையன்விளைக்குப் பக்கம். பந்தல் அருமைநாயகம்னு கேட்டா சின்னப்பிள்ளையும் வீட்டைக் காட்டும். பந்தல், மைக்செட், நாற்காலி எல்லாம் நம்மகிட்டதான். கோயில்ல ஞாயித்துக்கிழமை வேதபாடம் வாசிக்கிறதும் நான்தான், முப்பது வருசமா.

எங்க வேதத்துல, மாற்கு எட்டாம் அதிகாரத்துல, ஒரு குருடன் வாரான். பேரு போடலை. பெத்சாயிதாங்கிற ஊர்க்காரன். அவனைச் சில பேரு கூட்டிட்டு வந்து, ஆண்டவரே இவனைத் தொடும்ங்காவ. அவரு அவன் கையைப் பிடிச்சு ஊருக்கு வெளிய நடத்திட்டுப் போறாரு. அவன் கண்ணுல உமிழ்ந்து, கையை வச்சு, ஏதாச்சும் தெரியுதான்னு கேக்காரு. அவன் சொல்லுதான், மனுசங்க நடக்கிறது தெரியுது, ஆனா மரம் நடக்கிற மாதிரி இருக்குன்னு. பொறவு ரெண்டாந்தரம் கை வைக்காரு. அப்பதான் எல்லாம் தெளிவாத் தெரியுது. ஊருக்குள்ள போகாத, யாருகிட்டயும் சொல்லாதன்னு அனுப்பி வச்சிருதாரு. அம்புட்டுதான் கதை.

இதுல ஒரு இடக்கு இருக்கு, பாத்தியளா? கடலை அதட்டினாரு, ஒரே வார்த்தை, அடங்கிட்டு. செத்தவனைக் கூப்பிட்டாரு, ஒரே சத்தம், எந்திரிச்சு வந்துட்டான். இந்தப் பயலுக்கு மட்டும் ஏன் ரெண்டு தரம்? எந்த அற்புதத்துலயும் இப்படிக் கிடையாது. பெரிய பெரிய படிப்பாளியெல்லாம் இதுல மண்டையை உடைச்சிருக்கான். என்னைக் கேட்டா இதுல உடைக்க ஒண்ணுமில்லை. குறை அவன்கிட்ட. பெத்சாயிதாங்கிறது அவரு எத்தனையோ அற்புதம் செஞ்சும் திருந்தாத ஊரு. உனக்கு ஐயோன்னு அவரே வாயால சொன்ன ஊரு. அந்த ஊருத் தண்ணியைக் குடிச்சவனுக்கு விசுவாசம் எம்புட்டு இருக்கும்? அரை விசுவாசம், அரைப் பார்வை. இதை நான் வாலிபர் கூட்டத்துல எத்தனை வருசமாச் சொல்லிட்டு வாரேன். ஒருத்தன் எதிர்த்துக் கேட்டதில்லை.

சரி, பிள்ளை கதைக்கு வாரேன். அவளுக்கு இருபத்திநாலு வயசுல ஊசியில நூல் கோக்க முடியலைன்னு சொன்னா. நடக்கும்போது பக்கத்துல இருக்கிற கதவுல இடிச்சா. டாக்டர்கிட்டக் காட்டினோம். கண்ணுக்குள்ள பிரஷராம். ரெண்டு மாதிரி சொட்டு மருந்து எழுதிக் குடுத்து அந்தம்மா சொன்னாவ, "போன பார்வை திரும்ப வராது. மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்திக்கிடலாம். மருந்தை ஒருநாள்கூட நிறுத்தாதிய." திரும்ப வராதாம். நாலு நாள் கல்லறையில கிடந்தவன் நடந்து வந்த வேதத்தைப் படிக்கிறவன்கிட்ட சொல்லுத பேச்சா இது? எனக்கு ரத்தம் கொதிச்சுட்டு. ஆனாலும் மருந்தை வாங்கிக் குடுத்தேன். இல்லைன்னு சொல்லலை.

அந்த வருசம் மே மாசம் எங்க ஊர்க் கன்வென்ஷன். மூணு நாள் கூட்டம். பேச வந்தவரு சகோதரர் ஒபேத்து. கை வச்சாருன்னா நடக்கும். நான்தான் பந்தல். எங்க கன்வென்ஷன்ல சாட்சி மேசைன்னு ஒண்ணு உண்டு, வேற ஊர்ல கிடையாது. மேடைக்கு இடப்பக்கம் ஒரு மேசை, மேல வெள்ளைத் துணி. சுகமானவங்க எதை விட்டாவளோ அதைக் கொண்டு வந்து எல்லாரும் பாக்க அதுல வைக்கணும். குடிகாரன் பாட்டிலை வைப்பான். முடவன் கம்பை வைப்பான். ஒரு வருசம் ஒருத்தன் பல்செட்டைக் கழத்தி வச்சான், அது வேற கதை. வச்சதைத் திரும்ப எடுக்கக் கூடாது. எடுத்தா சாட்சி பொய்யாப் போகும்லா.

மூணாம் நாள் சாயங்காலம் கெத்சியாளை மேடைக்குக் கூட்டிட்டுப் போனேன். அவ வரமாட்டேன்னுதான் சொன்னா. பந்தல்காரன் மக, நம்ம பிள்ளையே ஏறலைன்னா ஊரான் பிள்ளை எப்படி ஏறும்? சகோதரர் தலையில கை வச்சு ஜெபிச்சாரு. பந்தலே ஆடுது. பொறவு மைக்கை அவ வாய்க்கு நேரா வச்சு, "மகளே, என்ன தெரியுது?"ன்னு கேட்டாரு. அந்தப் பிள்ளைக்கு எதுக்கெடுத்தாலும் யோசனை. ரெண்டாயிரம் பேரு மூச்சைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கான், இவ நின்னு யோசிக்கா. பொறவு மெதுவா, "லைட்டு தெரியுது. ஆட்கள் நிழல் மாதிரி..."ன்னு இழுத்தா.

நான் மைக் ஸ்டாண்டைப் பிடிச்சுட்டுப் பக்கத்துலதான் நிக்கேன். ஒரு கையால மைக்கைப் பொத்திட்டு அவ காதுல சொன்னேன், "எல்லாம் தெரியுதுன்னு சொல்லு மக்கா." அவ என்னைத் திரும்பிப் பாத்தா. "சொல்லு"ன்னேன். சொன்னா. அதுக்குப் பொறவு கைதட்டு அடங்க அஞ்சு நிமிசமாச்சு. அவ மருந்துப் பாட்டில் ரெண்டையும் போட்டிருந்த மூக்குக் கண்ணாடியையும் நானே கொண்டு போயி சாட்சி மேசையில வச்சேன்.

அது பொய் இல்லை அண்ணாச்சி. நீங்க அப்படி நெனைச்சிரக் கூடாது. அது விசுவாச அறிக்கை. நடக்கப் போறதை நடந்ததா நம்பி முன்கூட்டியே சொல்லுதது. பொய் வேற, இது வேற. எல்லாரும் ஒத்துக்கிடுவாவ.

பொறவு எப்படிக் கண்ணுல மருந்து ஊத்த முடியும், நீங்களே சொல்லுங்க. ஊரே பாத்திருக்கு. எம் பெஞ்சாதி தங்கபுஷ்பம் எனக்குத் தெரியாம புதுப் பாட்டில் வாங்கி, தண்ணிப் பானைக்குப் பின்னால ஒளிச்சு வச்சு பிள்ளை கண்ணுல ஊத்திட்டு வந்திருக்கா. ஒரு மாசம் இப்படி நடந்திருக்கு. ஒரு நாள் கையில மாட்டுச்சு. முருங்கை மூட்டுல கொண்டு ஊத்தினேன். ஒரு கையில விசுவாசம், ஒரு கையில பாட்டிலா? இவ செஞ்ச வேலையாலதான் சுகம் பாதியில நின்னுட்டுன்னு எனக்கு அன்னைக்கே தோணுச்சு. இப்பவும் அப்படித்தான் சொல்லுவேன்.

அந்த ஆவணியிலதான் ஜெபசிங் ஐயரு மாத்தலாகி வந்தாரு. ஒல்லியா இருப்பாரு, சத்தமே வராது. ஒரு ஞாயித்துக்கிழமை அவரு குடுத்த வேதபாடம் இதே பெத்சாயிதாக்காரன். நான்தான் வாசிச்சேன். எம் வாயாலயே வாசிக்க வச்சுட்டுப் பொறவு பீடத்துல ஏறிச் சொல்லுதாரு, "ஆண்டவரு முகத்துக்கு நேரா நின்னு, எனக்கு இன்னும் சரியாத் தெரியலைன்னு சொன்னான் பாருங்க, அவனுக்குத்தான் விசுவாசம் ஜாஸ்தி. அவரு கோவிச்சாரா? இல்லை. மறுபடியும் கை வச்சாரு. தெளிவாத் தெரியுதுன்னு அவன் பொய் சொல்லியிருந்தா ரெண்டாவது தொடுதல் அவனுக்குக் கிடைச்சிருக்குமா? நம்ம கூட்டத்துக்கு அவன் வந்திருந்தா நாம கையைத் தட்டி வீட்டுக்கு அனுப்பியிருப்போம். அவன் சாகுற வரைக்கும் மரங்களோட பேசிட்டு இருந்திருப்பான்."

கோயில்ல எல்லாக் கண்ணும் எம் பக்கம் திரும்புது. நான் வாசிச்ச புஸ்தகத்தை மூடக்கூட இல்லை, அப்படியே உக்காந்திருக்கேன். முப்பது வருசம் வாசிச்சவனுக்கு வாங்கிக் குடுத்த அவமானம் இது. பொம்பளையாள் பக்கம் கெத்சியாள் மட்டும் தலை நிமிந்து உக்காந்திருக்கா, ஐயரு சத்தம் வர்ற பக்கத்துக்கு முகத்தைத் திருப்பிட்டு. எனக்கு அதுதான் பொறுக்கலை.

மறுநாளு ஐயரு வீட்டுக்கே வந்தாரு. உள்ள கூப்பிடலை. வாசல்ல நின்னுட்டே சொல்லுதாரு, "உங்களைக் குத்திப் பேசணும்னு பேசலை. பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் பார்வை மிச்சம் இருக்கும். நான் டாக்டர்கிட்டக் கேட்டேன். இப்பவாவது கண்ணுல மருந்து ஊத்துங்க. ஊர்ல என்ன சொல்லணுமோ அதை நான் சொல்லிக்கிடுதேன், பழியை எம் மேல போடுங்க." எப்படி இருக்கு கதை? பழியை வாங்கிக்கிடுதாராம். நான் கதவைச் சாத்திட்டேன். உள்ள திரும்பினா, கெத்சியாள் சுவத்தைப் பிடிச்சுட்டு நிக்கா. எல்லாத்தையும் கேட்டிருக்கா.

அன்னைக்கு அவ ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் மருந்து வாங்கிக் குடுத்திருப்பேனோ என்னமோ. கேக்கலையே. கேக்காத பிள்ளைக்கு எப்படிக் குடுக்க?

பேராயருக்கு மனு எழுதினேன். அற்புதத்தைப் பரியாசம் பண்ணுதாருன்னு. நாப்பத்தெட்டு கையெழுத்து. ஆறு மாசத்துல வேற ஊருக்குப் போட்டுட்டாவ. அவரு சாமான் ஏத்தின லாரிக்குப் பின்னால சின்னப்பிள்ளையெல்லாம் ஓடுச்சு. எனக்கு ஜெயிச்ச மாதிரிதான் இருந்துச்சு. சொல்லுததுக்கு என்ன, இருந்துச்சு.

அடுத்த கன்வென்ஷனுக்குள்ள பிள்ளைக்குச் சுத்தமா இருட்டாயிட்டு. வெளிய யாருக்கும் தெரியாது. வீட்டுக்குள்ள அளந்து அளந்து நடப்பா. சகோதரர் ஒபேத்து வந்தவரு, போன வருச சாட்சியை மறுபடி சொல்லச் சொல்லுங்கன்னு கேட்டாரு. முதல் தொடுதல் மாம்சக் கண்ணுக்கு, ரெண்டாந்தொடுதல் ஆவியின் கண்ணுக்குன்னு அவரு அந்தப் பெத்சாயிதாக்காரன் கதைக்கு ஒரு அர்த்தம் வச்சிருக்காரு, அதைப் பேச இவ சாட்சி தோதா இருக்கும்னாரு. ரெண்டாந்தரம் கை வச்சா தெரிஞ்சிரும்னு நானும் நம்பினேன். சத்தியமா நம்பினேன் அண்ணாச்சி. என்ன சொல்லணும்னு வீட்டுலயே சொல்லிக் குடுத்துதான் கூட்டிட்டுப் போனேன்.

மேடையில ஏறினா. மைக்கை அவளே கையில வாங்கினா. "போன வருசமும் எனக்குத் தெரியலை. இப்ப எதுவுமே தெரியலை. அப்பா சொல்லச் சொன்..."

வயரைப் பிடுங்கிட்டேன். வேற என்ன செய்ய? எம் மைக்செட்டு, எங்கையிலதான் இருந்துச்சு. கரண்டு போயிட்டுன்னு கத்தினேன். பந்தல்ல அம்புட்டு டியூப்லைட்டும் எரிஞ்சுட்டு நிக்கு. ஒருத்தனும் சிரிக்கலை. அவ மைக்கு இல்லாமலே பேசிட்டு இருந்தா, வாய் அசையுது. முன்வரிசைக்குக் கேட்டிருக்கும்.

ஒரு வாரத்துல தாயும் மகளும் பாளையங்கோட்டைக்குப் போயிட்டாவ. அங்க பார்வை இல்லாத பிள்ளைகளுக்குப் புள்ளி எழுத்து சொல்லிக் குடுக்கா இப்ப. தங்கபுஷ்பமும் அவகூடயே இருந்துட்டா. கட்டின புருசனுக்குக் கஞ்சி வச்சுக் குடுக்க ஆளில்லை. நாலு வருசமா நானேதான் பொங்கித் திங்கேன். இதுக்கெல்லாம் யாரு ஜவாப் சொல்லுதது? அந்த ஐயரு வாயை வச்சுட்டுச் சும்ம இருந்திருந்தா பிள்ளை மனசு கெட்டிருக்குமா? விசுவாசத்துல நின்னிருப்பா. விசுவாசத்துல நின்னிருந்தா கண்ணும் நின்னிருக்கும். ஊரெல்லாம் நான் அதைத்தான் சொல்லுதேன். பிள்ளைக்கு விசுவாசம் பத்தலைன்னு.

போன வாரம் கோயில்ல அசனப் பண்டிகை. ஊரே சேந்து சமைச்சுச் சாப்பிடுற நாளு. அதுக்குன்னு கெத்சியாள் வந்திருந்தா. நான் வேதபாடம் வாசிச்சேன். வீட்டுக்கு வந்து சோறு வைக்கும்போது கேக்கா, "அப்பா, நீங்க வாசிக்கும்போது ஒரு பக்கம்கூடப் புரட்டுற சத்தம் கேக்கலையே. எத்தனை நாளாப் பாக்காம வாசிக்கிய?"

முப்பது வருசம் வாசிச்சவனுக்கு மனப்பாடம் இருக்காதா? இதை ஒரு குத்தமாக் கேக்கா. அதோட விடலை. "அப்பா, அந்தப் பெத்சாயிதாக்காரனை ஆண்டவரு ஏன் கையைப் பிடிச்சு ஊருக்கு வெளிய கூட்டிட்டுப் போனாரு?"ங்கா. ஊரு சரியில்லாத ஊரு, அதான்னேன். "இல்லப்பா. ஊருக்குள்ள அவனுக்குச் சொந்தக்காரங்க நிறைய இருந்திருப்பாங்க. என்ன தெரியுதுன்னு அவரு கேக்கும்போது, பக்கத்துல நின்னு காதுல சொல்லிக் குடுக்க யாரும் இருக்கக் கூடாதுன்னு கூட்டிட்டுப் போயிருப்பாரு"ங்கா.

எந்த வியாக்கியானப் புஸ்தகத்துலயும் இப்படி ஒரு விளக்கம் கிடையாது. நான் குனிஞ்சு சோத்தைப் பிசைஞ்சேன். சோறு ஆறிட்டு இருந்துச்சு.

அதுக்குப் பொறவுதான் இந்த ஆஸ்பத்திரி. வந்ததும் வராததுமா பேரு எழுதுற பிள்ளைகிட்ட இவ சொல்லுதா, எனக்கு இருக்கிற வியாதி அப்பாவுக்கும் இருக்கான்னு பாக்கணும்னு. அந்தப் பிள்ளை எழுதிட்டே, ரொம்பச் சாதாரணமாச் சொல்லுது, "இது குடும்பத்துல வர்றதுதான். உங்க அப்பாகிட்ட இருந்துதான் உங்களுக்கு வந்திருக்கும்." பக்கத்துல நாலு பேரு நிக்கான். அவளுக்கு விசுவாசம் இல்லைன்னு நான் எத்தனை பேருகிட்ட சொல்லியிருக்கேன் அண்ணாச்சி. இப்ப எனக்கும் அதேதான்னு இந்த டாக்டரு எழுதிக் குடுத்தா, நான் எந்த மூஞ்சியோட ஊருக்குப் போக? கோயில்ல எந்திரிச்சு எப்படி நிக்க?

எனக்கு ஒண்ணுமில்லை. புரை எடுத்த இடத்துல கட்டை அவுத்துட்டு, எப்படி இருக்குன்னு கேட்டாவ. தெளிவா இருக்குன்னு சொன்னேன். அவங்களும் அப்படியே எழுதிக்கிட்டாவ. தெளிவாத்தான் இருக்கு. இப்பப் பாருங்க, எதிர்ல அந்தத் தூணுக்குப் பக்கத்துல செவப்புச் சேலை கட்டின ஒரு அம்மா நிக்காவளா?

தீயணைக்கிற சிலிண்டரா? சரி. தூரத்துல அப்படித்தான் தெரியும்.

சும்ம இருங்க. குச்சிச் சத்தம் கேக்குதா? அவதான் வாரா. இவ்வளவு நேரம் பேசினதெல்லாம் நமக்குள்ள.

என்ன கெத்சியாள், பதிஞ்சாச்சா? என் பேரைக் கூப்பிட்டுட்டாவளா? சரி, வா போவோம், கூட ஒருத்தர் வரலாம்னு போட்டிருக்கு.

ஏன்? ஏன் நீ வரலை?

கேட்டியளா அண்ணாச்சி, அவ சொன்னதை? "நான் வெளியவே இருக்கேம்ப்பா. நீங்க மட்டும் போங்க. என்ன தெரியுதுன்னு கேப்பாங்க. தெரியிறதைச் சொல்லுங்க"ன்னு சொல்லிட்டு அங்க போயி உக்காந்துட்டா. பெத்த அப்பனைத் தனியா அனுப்புதா.

அண்ணாச்சி, ஒரு சின்ன உபகாரம். நீங்க எங்கூட உள்ள வாங்க. சொந்தக்காரருன்னு சொல்லிக்கிடுவோம். சுவத்துல எழுத்து அட்டை மாட்டியிருப்பாவ. மேல இருக்கிற பெரிய எழுத்து நானே சொல்லிருவேன். கீழ ரெண்டு வரி மட்டும் எங்காதுல சொல்லிருங்க. மெதுவா, ரொம்ப மெதுவாச் சொல்லணும். அவளுக்கு இப்ப காது ரொம்பக் கூர்மை.